அரிப்புக்குக் களிம்பும் கல்லீரல் மாற்றமும் மட்டுமே வழிகள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கான கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை குறித்துத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 1998ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு சிறு குழந்தைக்கு அதன் தந்தை தம் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்ததையும், தில்லியில் நடந்த அந்த சிகிச்சை வெற்றி பெற்றதையும், அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகிவிட்டதையும் கட்டுரையாளர் சொல்லியிருந்த விதம் நிறைவாக இருந்தது. ஆனால் அதில் ஒன்று விடுபட்டுப்போனது. பரம்பரையாக வரும் சில கல்லீரல் நோய்களில், குழந்தையை மாற்று சிகிச்சை வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துவது எப்போதும் கல்லீரல் செயலிழப்பு அன்று. பல குழந்தைகளுக்கு அது இரவும் பகலும் ஓயாத, தாங்கவே முடியாத அரிப்பு. அந்த அரிப்பைத் தணிப்பதற்காகவே, குழந்தையின் சொந்தக் கல்லீரலைத் தொடாமல், பித்தநீரில் ஒரு பங்கை வெளியே வடியவிடும் ஓர் அறுவை சிகிச்சை 1988 முதல் மருத்துவ உலகில் இருந்து வருகிறது. காவிரிப் படுகையிலுள்ள எத்தனை பெற்றோருக்கு அது காலத்தில் சொல்லப்படுகிறது என்பதுதான் என் கவலை.

அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மருந்துச் சீட்டுகளைப் படித்தே காலம் கழிந்தவன் என்பதால், அரிப்பென்று வரும் குழந்தைகளுக்கு எந்த வரிசையில் எந்த மருந்து எழுதப்படும் என்பது எனக்கு மனப்பாடம்: முதலில் காலமைன், அடுத்து சிரங்குக்கான பெர்மெத்ரின், கூடவே செட்டிரிசின் அல்லது ஹைட்ராக்ஸிசின் சிரப். அந்த வரிசையில் தவறில்லை, ஏனெனில் டெல்டாவின் ஈரத்திலும் வெக்கையிலும் அரிப்புடன் வரும் நூறு குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்குச் சிரங்கோ, படையோ, வேர்க்குருவோ, பூச்சிக்கடியோதான் இருக்கும். ஆனால் தோலில் முதலில் எதுவும் இல்லாமலேயே அரிப்பு தொடங்கி, சொறிந்து சொறிந்து அதன் பின்னரே புண் உண்டான ஒரு குழந்தையும் அந்த வரிசைக்குள்ளேயே சிக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. என் தங்கையின் பேத்தி அப்படிச் சுற்றிய குழந்தைகளில் ஒருத்தி. வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துச் சிரங்கு மருந்து பூசினார்கள், பாய் தலையணையையெல்லாம் வெந்நீரில் போட்டு அலசினார்கள், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டார்கள். பாலர் பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தனியே உட்கார வைத்தார்கள். அவளுக்கு இருந்ததோ யாருக்கும் ஒட்டாத நோய்.

இந்த அரிப்பின் தன்மை வேறு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மிகுதியாக இருக்கும், இரவில் ஏறும், காது மடல், கண்ணிமை என்று எதையும் விடாது. கைக்குழந்தைக்குச் சொறியத் தெரியாது என்பதால் முதல் சில மாதங்களில் அது வெறும் அழுகையாகவும் சிணுங்கலாகவும் தூக்கமின்மையாகவுமே வெளிப்படும். கையை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகும் வயது வந்த பிறகுதான் பெற்றோர் அதை அரிப்பென்றே அடையாளம் காண்கிறார்கள். கண்ணில் மஞ்சள் லேசாகத்தான் இருக்கும், சில காலங்களில் இல்லாமலே கூடப் போகும். அரிப்போ அந்த மஞ்சளுக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவில் கொடுமையாக இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டினாலும், கையில் துணியுறை மாட்டினாலும், குழந்தை கட்டில் காலில் முதுகைத் தேய்த்துக்கொள்கிறது. தூங்காத குழந்தை வளர்வதில்லை. தூங்காத குழந்தையின் வீட்டில் யாரும் தூங்குவதில்லை.

செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மருந்துகள் இதற்கு ஏன் கேட்பதில்லை என்றால், இந்த அரிப்பை உண்டாக்குவது அம்மருந்துகள் தடுக்கின்ற ஹிஸ்டமின் அன்று. கல்லீரலிலிருந்து வெளியேற வேண்டிய பித்த அமிலங்களும் அவற்றோடு தேங்கும் வேறு சில பொருள்களும் இரத்தத்தில் பெருகி நரம்பு முனைகளைத் தூண்டுவதால் வருவது இது. அந்த சிரப்பால் கிடைப்பதெல்லாம் கொஞ்சம் மயக்கத் தூக்கம்தான்.

நோயின் பெயர் நீளமானது: படிப்படியாக முற்றும் பரம்பரைப் பித்தத் தேக்கம். மருத்துவர்கள் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து பி.எஃப்.ஐ.சி. என்கிறார்கள். அமெரிக்காவில் ஆமிஷ் சமூகத்தவரிடையே, ஜேக்கப் பைலர் என்பவரின் வழிவந்த குடும்பங்களில் இந்த நோய் 1960களில் விவரிக்கப்பட்டதால் முதல் வகைக்குப் பைலர் நோய் என்ற பெயரும் உண்டு. கல்லீரல் செல்லிலிருந்து பித்த அமிலத்தை வெளியே தள்ளும் புரதம் பழுதானால் இரண்டாம் வகை. பித்தத்தில் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்புப் பொருளைச் சேர்க்கும் புரதம் பழுதானால் மூன்றாம் வகை. பிற்காலத்தில் இன்னும் சில வகைகளும் கண்டறியப்பட்டுள்ளன. 50,000 முதல் 1,00,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இதிலிருந்து வேறானது அலஜீல் நோய். அதில் கல்லீரலுக்குள்ளிருக்கும் நுண்ணிய பித்தக் குழாய்கள் குறைவாக இருக்கும், இதயத்திலும் முதுகெலும்பிலும் கண்ணிலும் முக அமைப்பிலும் அடையாளங்கள் இருக்கும், அரிப்பு மட்டும் அதே கொடுமையுடன் இருக்கும்.

பி.எஃப்.ஐ.சி. நோய்க்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். இருவரும் நல்ல உடல்நலத்துடன் இருப்பார்கள். ஒவ்வொரு பேறுகாலத்திலும் குழந்தைக்கு நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. அக்காள் மகளையும் மாமன் மகளையும் அத்தை மகனையும் முறை என்று சொல்லி மணந்துகொள்ளும் வழக்கம் நம் மாநிலத்தில் இன்னும் பரவலாக இருக்கிறது. அப்படிப்பட்ட மணங்களில் ஒரே மூதாதையின் பழுதான மரபணு இருபுறமும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. இதை நான் குற்றச்சாட்டாக எழுதவில்லை. சொந்தத்தில் மணந்த பெரும்பாலோருக்கு நலமான குழந்தைகளே பிறக்கின்றன, அசலில் மணந்தவர்களுக்கும் இந்த நோயுள்ள குழந்தை பிறந்திருக்கிறது. ஆயினும் இதனால் ஒன்று புலனாகிறது: அமெரிக்க நூல்கள் அரிது என்று ஒதுக்கும் ஒரு நோயைத் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ உள்ள மருத்துவர் அதே அளவில் ஒதுக்கிவிட முடியாது.

இனி அந்த அறுவை சிகிச்சைக்கு வருகிறேன். கல்லீரல் சுரக்கும் பித்தநீர் பித்தப்பையில் சேர்ந்து சிறுகுடலுக்குள் இறங்குகிறது. கொழுப்பைச் செரிக்க உதவுகிறது. அதன் பின் அதிலுள்ள பித்த அமிலங்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு சிறுகுடலின் கடைப்பகுதியில் மறுபடி உறிஞ்சப்பட்டு இரத்தத்தின் வழியே கல்லீரலுக்கே திரும்பிவிடுகிறது. நலமான உடலுக்கு இது சிக்கனமான ஏற்பாடு. வெளியேற்றும் ஆற்றல் குறைந்த கல்லீரலுக்கோ இதுவே வினையாகிறது, ஏனெனில் தட்டுத்தடுமாறி வெளியே தள்ளிய கொஞ்சமும் குடலைச் சுற்றிக்கொண்டு திரும்ப அதன் தலையிலேயே வந்து விழுகிறது. வயலில் தண்ணீர் நின்று பயிர் அழுகத் தொடங்கினால், வாய்க்காலை அடைப்பதோடு நில்லாமல் வடிகாலை வெட்டிவிடுவது நம் விவசாயிக்குத் தெரிந்த செய்தி. 1988ஆம் ஆண்டில் விட்டிங்டன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் பணியாற்றியவரும் வெளியிட்ட முறை அந்த வடிகால்தான்.

சிறுகுடலின் நடுப்பகுதியிலிருந்து, இரத்த ஓட்டம் அறுபடாதபடி, 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டைப் பிரித்தெடுக்கிறார்கள். அதன் ஒரு முனையைப் பித்தப்பையின் மேற்பகுதியோடு தைக்கிறார்கள். மறு முனையை வயிற்றின் வலப்புறத்தில் சிறு துவாரமாக வெளியே கொண்டுவருகிறார்கள். பித்தநீரில் ஒரு பங்கு, பாதிக்குச் சற்றுக் குறைவாக என்று வைத்துக்கொள்ளலாம், அந்தத் துவாரத்தின் வழியே வெளியே ஒட்டப்பட்ட பையில் வடிகிறது. மீதி வழக்கம்போலக் குடலுக்குள் இறங்குகிறது, ஆகவே செரிமானம் நின்றுபோவதில்லை. குடலுக்குப் போய்த் திரும்பி வரும் பித்த அமிலத்தின் அளவு நாள்தோறும் குறைந்துகொண்டே வர, இரத்தத்தில் அதன் அளவும் இறங்குகிறது. பலன் தரும் குழந்தைகளில் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் அரிப்பு தணியத் தொடங்குகிறது. கல்லீரலை வெட்டுவதில்லை, யாரிடமும் உறுப்பு கேட்க வேண்டியதில்லை, உடல் புதிய உறுப்பை ஏற்கும்படி வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டிய டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் தேவையில்லை. பின்னாளில் கல்லீரல் மாற்றம் வேண்டியிருந்தால் அதற்கும் இது தடையாவதில்லை. வேண்டாமென்றால் துவாரத்தை மூடிவிடவும் முடியும்.

பை ஒட்ட விரும்பாத குடும்பங்களுக்கு வேறொரு முறை இருக்கிறது: அதே குடல் துண்டைக் கொண்டு பித்தப்பையைப் பெருங்குடலோடு இணைத்துவிடுவது. சிறுகுடலின் கடைப்பகுதியைத் தாண்டிய இடத்தில் பித்தம் இறங்குவதால் உறிஞ்சப்படாமல் மலத்தோடு போய்விடும். வெளியே எதுவும் தெரியாது. ஆனால் பித்தம் பெருங்குடலை உறுத்துவதால் வயிற்றுப்போக்கு வரலாம், குடலிலுள்ள கிருமிகள் மேலேறிப் பித்தப் பாதையில் தொற்றை உண்டாக்கும் அபாயமும் உண்டு. சிறுகுடலின் கடைப்பகுதியைச் சுற்றிவிட்டு இணைக்கும் மூன்றாவது முறையில், மீதமிருக்கும் குடல் காலப்போக்கில் அந்த வேலையைக் கற்றுக்கொண்டுவிடுவதால் பலருக்கு அரிப்பு திரும்பிவிடுகிறது. பித்தப்பை ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்ட குழந்தைகளுக்கு அது பயன்படக்கூடும். இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். பித்தக்கல் என்றோ வேறு காரணத்துக்காகவோ இத்தகைய குழந்தையின் பித்தப்பையை அவசரப்பட்டு எடுத்துவிட்டால் முதலிரண்டு வழிகளும் அடைபட்டுப்போகின்றன.

எல்லாக் குழந்தைகளுக்கும் இது பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. முதலிரண்டு வகை பி.எஃப்.ஐ.சி. குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அரிப்பு தணிகிறது. அலஜீல் குழந்தைகளில் பலன் ஒரே சீராக இருப்பதில்லை. மூன்றாம் வகையில் பொதுவாக இதைச் செய்வதில்லை, அவர்களில் பலருக்கு அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்ற மருந்தே ஓரளவு கைகொடுக்கிறது. இரண்டாம் வகைக்குள்ளும் வேறுபாடு உண்டு. பித்த அமிலத்தை வெளியேற்றும் புரதம் குறைவாகவேனும் வேலை செய்யும் குழந்தைக்கு வடிகால் பயன் தரும். அந்தப் புரதமே உருவாகாத குழந்தைக்கு வடிய விடுவதற்குப் பித்தத்தில் அமிலமே அதிகம் இருக்காது, எனவே பயனும் மிகக் குறைவு. அப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கல்லீரலில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால் அவர்களைப் பொறுத்தவரை மாற்று சிகிச்சையே நேர் வழி. எந்தக் குழந்தை எந்தப் பிரிவு என்பதை மரபணுப் பரிசோதனை சொல்லிவிடுகிறது. பல நாட்டு மையங்கள் தங்கள் குழந்தைகளின் விவரங்களை ஒன்றுதிரட்டி 2020இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டாம் வகையில் அறுவைக்குப் பின் இரத்தப் பித்த அமிலம் லிட்டருக்கு 102 மைக்ரோமோலுக்குக் கீழே இறங்கிய குழந்தைகளும், முன்பிருந்த அளவில் முக்கால் பங்குக்கு மேல் குறைந்த குழந்தைகளும் தங்கள் சொந்தக் கல்லீரலுடனேயே நீண்ட ஆண்டுகள் வாழ்கிறார்கள் என்று காட்டியது. அரிப்புக்கென்று தொடங்கிய சிகிச்சை கல்லீரலையும் காக்கிறது என்பது அதனால் தெரிந்தது.

ஆனால் காலம் தவறினால் பலனில்லை. கல்லீரல் முற்றிலும் இறுகித் தழும்பாகிவிட்ட பிறகு இந்த வடிகாலை வெட்டினால் பெரிதாக எதுவும் கிடைக்காது. நான் இத்தனை நீளமாக எழுதுவதற்குக் காரணமே இதுதான். நம் பகுதியில் ஒரு குழந்தை களிம்பிலிருந்து நாட்டு மருந்துக்கும், நாட்டு மருந்திலிருந்து தோல் மருத்துவருக்கும், அங்கிருந்து வேறொரு ஊரின் வேறொரு மருத்துவருக்கும் அலைந்து, கடைசியில் சென்னைக்குப் போய்ச் சேரும்போது கல்லீரல் இறுகியிருக்கிறது; அந்தக் கட்டத்தில் மாற்று சிகிச்சை ஒன்றுதான் வழி என்று அங்குள்ளவர்கள் சொல்வது உண்மைதான், அவர்கள் மீது பழியில்லை. நடுவிலிருந்த வழி அலைச்சலில் கழிந்த ஆண்டுகளிலேயே மூடிப்போய்விட்டது.

நாட்டு மருந்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. காமாலை என்றாலே கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போனது. கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும், அந்தப் பெயர் கீழாநெல்லிக்குப் போய்ச் சேரும். பிறவியிலேயே பித்தம் தேங்கும் குழந்தைக்கு அது காலவிரயம்.

கண்டுபிடிப்பது அத்தனை கடினமும் அன்று. பிறந்து இரண்டு வாரங்களுக்குப் பிறகும் குழந்தைக்கு மஞ்சள் இருந்தால், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை பிடித்தால், மலம் வெளிறிப் போனால், இரத்தத்தில் நேர் பிலிரூபின் என்ற பித்த நிறமியைத் தனியே அளந்து பார்க்க வேண்டும். வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிடக் கூடாது. பித்தக் குழாயே அடைபட்டுப்போகும் வேறொரு நோயில் 60 நாள்களுக்குள், பித்தம் வடியக் குடலைக் கல்லீரலோடு இணைக்கும் காசாய் அறுவையைச் செய்தால்தான் பலன் அதிகம் என்பதால், இந்தக் கேள்வி எந்த வகையிலும் அவசரமானதே. அது இல்லை என்றான பிறகு, ஜி.ஜி.டி. என்ற சாதாரண இரத்தப் பரிசோதனையைப் பார்க்க வேண்டும். பித்தம் தேங்கியிருக்கும்போது அந்த அளவு உயர்ந்திருப்பதுதான் வழக்கம். காமாலையும் அரிப்பும் இருந்தும் ஜி.ஜி.டி. இயல்பாகவோ குறைவாகவோ இருந்தால், அது முதலிரண்டு வகை பி.எஃப்.ஐ.சி. பக்கம் விரல் நீட்டுகிறது. இதைவிட மலிவான துப்பு கிடைக்காது.

இரத்தப் பித்த அமில அளவு என்பது இன்னொரு பரிசோதனை. கர்ப்பிணிகள் சிலருக்குக் கடைசி மாதங்களில் உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு வந்து, கருவிலிருக்கும் குழந்தைக்கு ஆபத்தாக முடியும் பித்தத் தேக்கத்தைக் கண்டறியவும் இதே பரிசோதனைதான் தேவை. தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனையில் மகப்பேறு பிரிவும் குழந்தைகள் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அங்கே இந்த ஒரு பரிசோதனை எந்நாளும் கிடைக்கும்படி செய்தால் இரு பிரிவுகளுக்கும் பயன்படும். இன்னும் ஒன்று: கர்ப்ப காலத்தில் தாய்க்கு அப்படி அரிப்பு இருந்ததா என்று கேட்பதே ஒரு துப்பு, ஏனெனில் இந்த மரபணுக்களில் ஒரு பிரதி பழுதான பெண்களில் சிலருக்கு அது வருகிறது. என் தங்கை மருமகளுக்கு வந்திருந்தது. அதை யாரும் கேட்கவுமில்லை, சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றவுமில்லை.

அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்து குழந்தைகளைப் பார்க்கும் நடமாடும் மருத்துவக் குழுக்கள் நம் மாவட்டங்களில் உள்ளன. இதயக் குறைபாடு, பிளவுபட்ட உதடு, காது கேளாமை என்று அவர்கள் தேடுவதில் பல குழந்தைகள் காப்பாற்றப்பட்டிருக்கிறார்கள். சிரங்கு மருந்துக்குக் கேட்காத அரிப்பும், வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமையும் சேர்ந்து இருக்கும் குழந்தையின் கண்ணிமையை ஒருமுறை விலக்கி மஞ்சள் இருக்கிறதா என்று பார்க்கவும், மாவட்ட அளவிலுள்ள மையத்துக்கு அனுப்பவும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். கிராம சுகாதார செவிலியர்களுக்கும் இது பொருந்தும்.

மருந்துகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் ஆகியவை முதலில் முயலப்பட வேண்டியவை. சிலருக்கு அவையே போதும். 2021இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்ற ஒடெவிக்சிபாட், அதே ஆண்டில் அமெரிக்காவில் அலஜீல் நோய்க்கு ஒப்புதல் பெற்ற மராலிக்சிபாட் ஆகிய புதிய மருந்துகள் குடலின் கடைப்பகுதியில் பித்த அமிலம் உறிஞ்சப்படும் வாயிலையே அடைக்கின்றன. அறுவை சிகிச்சை செய்யும் வேலையைக் கத்தியில்லாமல் செய்பவை என்று சொல்லலாம். அமெரிக்காவில் அவற்றின் ஓராண்டு விலை நம் பணத்தில் கோடிகளில் போகிறது. அந்த விலை நமக்கு எட்டும் காலம் வரட்டும். அதுவரைக்கும் குழந்தை சொறிந்துகொண்டிருக்க முடியாது.

பையோடு வாழ்வது எளிதென்று சொன்னால் அது பொய்யாகும். சித்திரை, வைகாசி வெயிலில் வேர்வைக்குப் பசை நிற்பதில்லை. பித்தம் கசிந்தால் துவாரத்தைச் சுற்றியுள்ள தோல் வெந்துபோகிறது. சீருடையில் பச்சை மஞ்சள் கறை ஆகிறது. பித்தத்தோடு உப்பும் நீரும் வெளியேறுவதால், சாதாரண வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால் கூட இக்குழந்தைகள் மற்றவர்களைவிட விரைவாக வாடிவிடுவார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும், வாடலைக் கண்டதும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெண் குழந்தைக்கு வயிற்றில் துவாரமா, நாளைக்கு எவன் கட்டுவான் என்று, என் தங்கையின் பேத்திக்கு இந்த அறுவை என்றானபோது, எங்கள் வீட்டிலேயே ஒரு பெரியவர் கேட்டார். குழந்தையின் தாய் அதற்குப் பதில் சொல்லவில்லை. அறுவைக்கான சம்மதப் படிவத்தில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். இப்போது குழந்தை விடியும்வரை தூங்குகிறாள், எடை ஏறியிருக்கிறது, காலில் புதிய புண் இல்லை. எல்லோருக்கும் இப்படியே அமையும் என்று இதை வைத்து யாரும் எண்ணிவிட வேண்டாம்.

அறுவைக்குப் பிறகும் முன்பும் பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பித்தம் குடலுக்குப் போதிய அளவு போகாத குழந்தையின் உடலில் ஏ, டி, இ, கே ஆகிய கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் சேர்வதில்லை. வைட்டமின் கே குறைந்தால் இரத்தம் உறையாது. குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காதுகுத்துவது நம் வீடுகளில் முதல் ஆண்டுகளில் நடக்கும் சடங்கு. காமாலையுள்ள குழந்தைக்கு இரத்தம் உறையும் நேரத்தைப் பரிசோதிக்காமல் அதைச் செய்யக் கூடாது. குத்திய காதில் இரத்தம் நிற்காமல் ஒழுகியதுதான் நோயைக் கண்டுபிடிக்கக் காரணமாக இருந்தது என்று சொல்லும் குடும்பத்தினரைச் சென்னை மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் சந்தித்தேன்.

அரசிடம் கேட்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. கல்லீரல் மாற்றத்துக்கும் அதன் வழியே உதவி கிடைக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு அது செய்திருக்கும் நன்மையை மருந்துக் கூடத்தில் இருந்தபடி நேரில் பார்த்தவன் நான். ஆனால் காப்பீடு மருத்துவமனைப் படுக்கையோடு முடிந்துவிடுகிறது. வயிற்றில் ஒட்டும் பைகளும், தோலைக் காக்கும் பசையும் பொடியும், வைட்டமின் மருந்துகளும் மாதாமாதம் கைக்காசில் வாங்கப்படுகின்றன. அவை எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் குழந்தைகளுக்கேற்ற அளவில் கிடைப்பதுமில்லை. சென்னைக்குப் போகிறவர்களிடம் சொல்லி வாங்கி வரச் செய்ய வேண்டியிருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் ஒரு குடும்பம் பைக்குப் பதிலாகத் துணியை மடித்து வைத்துக் கட்டத் தொடங்கினால், அத்தனை நுட்பமாகச் செய்த அறுவையின் பலன் தோல் புண்ணில் போய் முடியும். சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் வழங்குவதுபோல, துவாரமுள்ள குழந்தைகளுக்கு இந்தப் பைகளை மாவட்டத் தலைமை மருத்துவமனை மருந்தகங்களிலேயே வழங்கச் செய்ய வேண்டும். எண்ணிக்கை மிகச் சிறியது, அரசுக்குச் சுமையாகாது.

அடுத்து, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு. குடல் துண்டைப் பிரித்துத் தைப்பதும் வயிற்றில் துவாரம் வைப்பதும் குழந்தைகள் அறுவை மருத்துவர்களுக்குப் புதிய வித்தை அன்று. பிறவியில் ஆசனவாய் இல்லாத குழந்தைகளுக்கு அவர்கள் அத்தகைய துவாரங்களை வைத்து வருகிறார்கள். யாருக்குச் செய்வது, எப்போது செய்வது என்று முடிவு செய்வதற்குத்தான் குழந்தைகள் கல்லீரல் வல்லுநரின் துணை தேவை. அவர் சென்னையிலிருந்து காணொளி வழியே ஆலோசனை சொல்லவும், மாதம் ஒருநாள் தஞ்சாவூரில் புறநோயாளிகளைப் பார்க்கவும் ஏற்பாடு செய்தால், வேதாரண்யத்திலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் பேருந்தும் ரயிலும் மாறிச் சென்னைக்குப் போகும் குடும்பங்களுக்கு வேலைநாள் கூலியாவது மிஞ்சும். நடவுக் காலத்தில் ஒரு நாளை விடுவது என்ன என்பது இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மரபணுப் பரிசோதனைக்கும் அரசு உதவி வேண்டும். அறுவையால் பலன் உண்டா இல்லையா என்பதை முன்கூட்டியே சொல்வது அதுதான்; அந்தப் பெற்றோர் அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும்போது தேவைப்படுவதும் அதுதான். பழுது இன்னதென்று தெரிந்துவிட்டால் அடுத்த கருவிலேயே அதைப் பரிசோதித்துப் பார்க்க முடியும். 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்படி உரிய மையங்களில் சிகிச்சைக்கு வழங்கப்படும் நிதி உதவி 2022இல் 50 லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. அத்தனை பெரிய தொகையை ஒதுக்கத் தெரிந்த நாட்டில், ஒரு குழந்தைக்கு ஒரே ஒருமுறை செய்ய வேண்டிய இந்தப் பரிசோதனையை மாவட்டத்திலேயே இரத்தம் எடுத்து அனுப்பி இலவசமாகச் செய்து தருவது பெரிய காரியம் ஆகாது.

கடைசியாக, தங்கள் நாளிதழுக்கே ஒரு வேண்டுகோள். மருத்துவப் பகுதியில் குழந்தைகள் கல்லீரல் வல்லுநர் ஒருவரைக் கொண்டு இந்த அறுவை சிகிச்சையைப் பற்றி மட்டும் தனிக் கட்டுரை வெளியிடுங்கள். அதில், பையுடன் இருக்கும் குழந்தையைப் பள்ளியில் எப்படி நடத்த வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்; எங்கள் குழந்தை வரும் ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர இருக்கிறாள், ஆசிரியர்கள் அதைப் படித்திருந்தால் எங்களுக்கு வேலை மிச்சம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.